சைலன்சருக்கு வைத்த முத்திரை

யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. இது பிறவிக் குணமா, தொழில் கொடுத்த குணமா என்று தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் எழுதுகிறவன் நான். வீடு விற்க ஒருவர் வந்தால், அவர் மறைக்கிற தம்பியை, கையெழுத்துப் போட மறுத்த அத்தையை, இன்னும் ரத்தாகாத அடமானத்தைத் தேடுவேன். பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காத நாளில் நான் சரியாகத் தேடவில்லை என்று நினைப்பேனே தவிர, வில்லங்கம் இல்லை என்று நினைத்ததில்லை.

அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவள். அத்தான் தவறிய பிறகு ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடிவந்தாள். ஆபீசில் நான் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் அடிப்பது அவள்தான். நான் விடுகிற தப்புகளை என்னிடம் கேட்காமலே திருத்திவிடுவாள், அதுவும் எனக்குப் பிடிக்காது. தினமும் காலையில் இரண்டு பேரும் என் பழைய காரில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் சாயங்காலம் திரும்புவோம். பஸ்ஸில் நின்றுகொண்டு வர அவள் முழங்கால் இடம் கொடுக்காது. போதாததற்கு வீசிங் வேறு. பையில் பர்ஸ் இல்லாமல் கிளம்பினாலும் கிளம்புவாள், உறிஞ்சுகிற மருந்து இல்லாமல் கிளம்ப மாட்டாள்.

போன ஆவணியில் ஒருநாள் வண்டி ஊரைத் தாண்டியதும் சொன்னாள்:

"ஏலே, காருக்குள்ள பொகை வாசம் வருது. நெஞ்சு கரிக்குது."

எனக்கு ஒன்றும் வரவில்லை. கொரோனா வந்துபோனதிலிருந்து என் மூக்கு பாதி மூக்குதான். ஆனால் அதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. அதனால் என் புத்தி வேறு பக்கம் போனது. இவளுக்கு வேலை அலுத்துப்போயிற்று, வாயால் சொல்ல முடியாமல் காரின் மேல் பழி போடுகிறாள் என்று நினைத்தேன். இல்லையென்றால் புது கார் வாங்கச் சொல்லிச் சுற்றிவளைக்கிறாள். இரண்டில் எது என்று ஒரு வாரம் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். அந்த ஒரு வாரமும் அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவுகளுக்குப் பொகை ஆகவே ஆகாது. அது எங்கருந்து வருதுன்னு பாருங்க. சரி பண்ண முடியலன்னா போக்குவரத்த நிப்பாட்டிருங்க."

வெளியே வந்ததும் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "வேலைய விட்டுட்டு வீட்டுக்குள்ள உக்காரச் சொல்லாத. நாலு செவத்தப் பாத்துக்கிட்டு இருந்தா நான் வெரசா கெழவி ஆயிருவேன்."

அவளுக்கு அப்போதே ஐம்பத்தெட்டு. நான் சிரிக்கவில்லை. அந்த ஆபீஸ் நாற்காலி அவளுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அவள் வராவிட்டால் என் ஆபீஸ் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

அன்றைக்கே முதலில் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டினேன். ஏ.சி. அறையில் உட்காரவைத்து, சைலன்சர் முழுசாகப் போய்விட்டது, ஆர்டர் போட்டால் இரண்டு வாரத்தில் வரும் என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அதில் இருந்த விலைக்கு இதே மாதிரி பழைய கார் இன்னொன்றில் பாதி வாங்கிவிடலாம். கொள்ளை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அதன்பிறகு தெருக்காரர் ஒருவர் சொல்லி, செட்டியார்பட்டி போகிற வழியில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவர். அதிகம் பேசாதவர்களிடம் எனக்குக் கூடுதல் ஜாக்கிரதை உண்டு.

காரைக் குழிமேல் நிறுத்தி என்னையும் கீழே இறங்கிப் பார்க்கச் சொன்னார். ஸ்க்ரூடிரைவரால் பைப்பைத் தட்டியதும் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு இடத்தில் அவர் சுண்டுவிரல் உள்ளேயே போய்விட்டது.

"இங்கிட்டுத்தான் கசியுது அண்ணாச்சி. சரியா பின் சீட்டுக்கு அடியில. பின்னால யாரு உக்காருவாக?"

அக்கா பின்னால்தான் உட்காருவாள், காலை நீட்டிக்கொள்வதற்காக. எனக்கு அப்போது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஒரு வாரம் அவளைச் சந்தேகப்பட்டது அநியாயம் என்று மனசு சொன்னது. அந்த நினைப்பு அதிக நேரம் நிற்கவில்லை, மெக்கானிக் விலையைச் சொல்லிவிட்டார்.

"கம்பெனி பைப்புதான் போடணும்னு இல்ல. கோயம்புத்தூர்ல இருந்து வெளி பைப் வருது. எஸ்.எஸ்., துருப்பிடிக்காது. கம்பெனி வெலையில கால்வாசிகூட வராது. வண்டியும் இன்னும் செத்த நல்லா இழுக்கும்."

துருப்பிடிக்காது, விலை குறைவு, வண்டியும் நன்றாக இழுக்கும். இப்படி மூன்று நல்லதை ஒரே மூச்சில் சொல்கிறவரை நான் என் ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் விற்கிற நிலத்துக்குள் யாராவது ஒருவருடைய வழிப்பாதை கட்டாயம் ஓடும்.

"இத யாருகிட்ட வாங்குதீக? அவருக்கு யாரு கொடுக்கா? எதுக்கு இம்புட்டுக் கம்மி?" என்று கேட்டேன்.

"பைப்புக்கும் மூலப்பத்திரம் கேக்கீகளே அண்ணாச்சி" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் அக்காவின் நெஞ்சு காத்திருக்காது. சரி என்றேன். பழைய பைப்பை என்னிடமே தர வேண்டும் என்றேன், மறுபேச்சு இல்லாமல் டிக்கியில் தூக்கிப் போட்டார். அவர் மறுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், சந்தேகப்பட ஒரு இடம் கிடைத்திருக்கும். வேலை நடந்த மூன்று மணி நேரமும் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். புது பைப் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. வண்டியைக் கிளப்பியபோது சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் கனத்திருந்தது, கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கிளம்பும்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"ஒரு வாரம் ஓடுன பொறவு கொண்டாங்க அண்ணாச்சி. சூட்டுல போல்ட்டு செத்த எளகும். நான் ஒருக்கா முறுக்கித் தாரேன். காசு ஒண்ணும் வேண்டாம்."

எனக்கு மூக்கில் வேர்த்தது. தானப் பத்திரத்தில் 'அன்பின் மிகுதியால்' என்று எழுதுகிற இடத்தில்தான் பின்னால் வழக்கு முளைக்கும். காசு வாங்காமல் ஒரு மனிதர் எதற்காக என் காரை மறுபடியும் தன் குழிமேல் ஏற்றச் சொல்கிறார்? இன்றைக்கு நான் பார்க்கப் பார்க்க நல்ல பைப் மாட்டியாயிற்று. அடுத்த வாரம் நான் டீ குடிக்கப் போகிற நேரத்தில் அதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? இது முழுக்கவும் அப்போது எனக்குத் தெளிவாகப் புரிந்ததாகவே நினைத்தேன்.

அதற்கு ஒரு வழி என் கையிலேயே இருந்தது. உயிலை உறையில் போட்டு ஒட்டித் தருகிறவர்களுக்காக ஆபீசில் அரக்குக் குச்சியும் பித்தளை முத்திரையும் வைத்திருக்கிறேன். முத்திரையில் அப்பா பெயரின் முதல் எழுத்து இருக்கும். உறையின் வாயில் அரக்கை உருக்கி ஊற்றி அதன்மேல் முத்திரையைப் பதித்துவிட்டால், பிறகு யார் பிரித்தாலும் தெரிந்துபோகும். உறைக்குச் செய்வதை போல்ட்டுக்குச் செய்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, காரின் ஒரு பக்கத்தை வாசல் சரிவில் ஏற்றி நிறுத்தினேன். கீழே பாய் விரித்துப் படுத்தேன். மெழுகுவர்த்திச் சூட்டில் பழைய கரண்டியில் அரக்கை உருக்கி, ஈர்க்குச்சியால் ஒவ்வொரு போல்ட் தலையிலும் தடவி, காய்வதற்குள் முத்திரையை வைத்து அழுத்தினேன். முன் இணைப்பில் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் ஒன்று, ஆக ஐந்து முத்திரை. இரண்டு சொட்டு மணிக்கட்டில் விழுந்து கொப்புளமே வந்துவிட்டது. அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டபோது, அந்த மாதத்திலேயே உருப்படியாக ஒரு காரியம் செய்த திருப்தி இருந்தது.

பைப் சூடாகுமே என்று கேட்கலாம். எனக்கும் தோன்றாமல் இல்லை. பின்னால் புகை வருகிற வாயில் பலமுறை கை வைத்துப் பார்த்திருக்கிறேன், வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அதே சூடுதான் பைப் முழுக்க இருக்கும் என்று முடிவுகட்டிவிட்டேன். அடுத்தவன் எழுதிய எழுத்தை நான்கு தடவை சரிபார்க்கிறவன், நான் நினைத்ததை ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை கிளம்பினோம். பாதி வழி வரை அக்கா சந்தோஷமாக இருந்தாள். "வண்டி நல்லாத்தான்லே போகுது" என்றாள். பிறகு திடீரென்று கண்ணாடியை இறக்கினாள்.

"பொகை வருதுடா."

"புது பைப்புக்கா."

"பழைய பொகை இல்ல. இது வேற. தெரிஞ்ச வாசம் மாதிரியே இருக்கு, என்னன்னுதான் பிடிபடல." அதற்குமேல் பேச முடியாமல் மருந்தை எடுத்து உறிஞ்சினாள். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. ஆபீஸ் வாசலில் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்ற பிறகுதான் படியேறினாள்.

அவள் மேலே போனதும் நான் போனில் வீடியோவைப் போட்டு, காருக்கு அடியில் கையை நீட்டி முன்னிருந்து பின்வரை எடுத்தேன். திருப்பிப் பார்த்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. முன்னால் இருந்த இரண்டு முத்திரையும் இல்லை. நடுவில் இருந்த இரண்டும் இல்லை. பின்னால் ஒன்று மட்டும் இருந்தது, அதிலும் எழுத்து மழுங்கிக் கோணலாக இருந்தது. பிரித்துவிட்டுப் போலி முத்திரை வைத்த உறையை நான் பார்த்திருக்கிறேன், அச்சு அசல் அப்படித்தான் இருக்கும்.

அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஞாயிறு சாயங்காலம் அந்த மெக்கானிக்கின் பைக் எங்கள் தெருவைத் தாண்டிப் போனது. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டுப் போனார். அப்போது மரியாதையாகத் தெரிந்தது இப்போது வேவாகத் தெரிந்தது. வாரக் கடைசி வரைகூடப் பொறுக்கவில்லை, என் வாசலிலேயே வந்து பைப்பை மாற்றிவிட்டான், அதனால்தான் மறுபடி புகை என்று முடிவு செய்தேன். நல்ல பைப் கோயம்புத்தூருக்கே திரும்பிப் போயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். நான் அப்படிச் செய்கிறவன் இல்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் வண்டி ஆறியதும் மறுபடி பாயை விரித்தேன். இந்த முறை அரக்கை இரண்டு மடங்கு கனமாகப் பூசி, முத்திரையை ஆழமாகப் பதித்து, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வைத்தேன். அக்கா தன் வீட்டு வாசலில் இருந்து, "அங்க என்னடா பண்ணுத?" என்று கேட்டாள். "பைப்பப் பாக்கேன்" என்றேன். அது பொய் இல்லை, ஆனால் நான் எழுதுகிற பத்திரத்தில் அப்படி ஒரு வரி வந்தால் விடமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் பாதி தூரம்கூடப் போகவில்லை. எனக்கே கண் எரிந்தது. அக்கா சீட்டைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். கதவைத் திறந்து இறங்கி, ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். விசில் மாதிரி ஒரு சத்தம் அவள் நெஞ்சில் இருந்து வந்தது. மருந்தை ஒருமுறை உறிஞ்சினாள், இன்னொருமுறை உறிஞ்சினாள். தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் திறந்தேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அன்றைக்குத்தான் உண்மையாகப் பயந்தேன்.

மூச்சு கொஞ்சம் திரும்பியதும் அவள் அந்த வழியாக வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"நான் வீட்டுக்குப் போறேன். நாளையிலருந்து வரல. டைப் அடிக்க வேற ஆளப் பாத்துக்க."

"அவன் ஏமாத்திட்டான்க்கா. பைப்ப மாத்திட்டான். என்கிட்ட அத்தாட்சி இருக்கு."

"என்னமும் இருந்துட்டுப் போகட்டும்டா" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைச் சுட்டது.

அன்றைக்கு ஒரு கிரயம் பதிய வேண்டியிருந்தது. போய் முடித்துக் கொடுத்தேன். காலியாக இருந்த அவள் நாற்காலியைப் பார்க்கப் பார்க்க மெக்கானிக்கின் மேல் வெறி ஏறியது. சாயங்காலம் திரும்பியதும் அக்கா வீட்டுக்குப் போனேன். பட்டறைக்கு வா, நீ சாட்சிக்கு நிற்க வேண்டும் என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நீ கார்ல போ. நான் ஆட்டோவுல வாரேன்."

பட்டறையில் நான் வீடியோவைக் காட்டினேன், போட்டோவைக் காட்டினேன். முத்திரை என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அடையாளம் வைத்திருந்தேன், அது இல்லை, பைப்பை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். குரல் என்னை மீறி ஓங்கிவிட்டது. மெக்கானிக் காரைக் குழிமேல் ஏற்றச் சொல்லி, விளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். அக்கா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

கீழே சுரண்டுகிற சத்தம் கேட்டது. மேலே வந்தவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கறுப்பாகப் பொரிந்துபோன ஏதோ ஒன்று இருந்தது. அதன் நடுவில், நகத்தளவு இடத்தில் மட்டும், சிவப்பு.

"பைப்பு அதேதான் அண்ணாச்சி, நான் போட்ட வெல்டிங் அப்படியே இருக்கு. ஆனா போல்ட்டு பூராம் இது கருகிக் கெடக்கு. முன் இணைப்புல கொதிக்கிற எண்ணெயவிடச் சூடு இருக்குமே. எரிஞ்சு பொகஞ்சு உள்ள வந்திருக்கு. இது என்னன்னுதான் தெரியல."

அக்கா பக்கத்தில் வந்தாள். முந்தானையை எடுத்துவிட்டு அவர் கையை மோந்து பார்த்தாள். பிறகு நான் எடுத்த போட்டோவைப் பார்த்தாள். அதில் அப்பாவின் எழுத்து அழகாகப் பதிந்திருந்தது.

"அரக்கு. எங்க ஆபீஸ் முத்திரை" என்றாள்.

நான் கூட்டிக்கொண்டு வந்த சாட்சி அது.

அவள் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டாள். மெக்கானிக் அரைமணி நேரம் சுரண்டினார், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார், வண்டியை வெளியே நிறுத்தி மிச்சம் எரிந்து தீரும்வரை ஓடவிட்டார். கடைசியில் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

"முறுக்கித் தாரேன்னு அன்னைக்கே சொன்னேன்ல. ஒண்ணு மட்டும் கேக்கேன் அண்ணாச்சி. நான் எத மாத்திருவேன்னு நெனச்சீக?"

நீட்டிய காசை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் ஏன் கோபப்படவில்லை என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அதிலும் ஏதோ இருக்கிறது என்று இதை எழுதும்போதுகூட ஒரு நினைப்பு ஓடுகிறது. அதை அடக்கிக்கொள்ளத்தான் பார்க்கிறேன்.

பத்து நாள் அக்கா வரவில்லை. ஒற்றை விரலால் நானே அடித்தேன். ஒரு பத்திரத்தில் கிழக்கையும் மேற்கையும் மாற்றி அடித்து, நிலத்தை விற்கிறவர் முன்னால் அசடு வழிந்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல இரண்டு தடவை அடுத்த வீட்டுக் கதவு வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை சொல்லிவிட்டேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே, "ம்" என்றாள்.

பதினோராவது நாள் காலை ஆபீஸ் பையோடு வாசலில் நின்றாள். எனக்குத் தெரியாமல் முந்தின நாளே பட்டறைக்குப் போய், "தம்பி, நான் இதுல ஏறலாமா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவர் ஏறலாம் என்று சொல்லியிருக்கிறார். நான் பின்கதவைத் திறந்துவிட்டேன். அவள் ஏறவில்லை.

"அடியில எதும் வச்சிருக்கியா?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா இல்ல."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிரயம் எழுத வருகிறவர்களை நான் பார்க்கிற அதே பார்வை. பிறகு முழங்காலில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, போனில் வீடியோவைப் போட்டு, காருக்கு அடியில் முன்னிருந்து பின்வரை எடுத்தாள். நிமிர்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். அவள் அதை முழுசாகப் பார்த்து முடிக்கும்வரை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்றைக்குக் காலையிலும் நின்றேன்.